மருந்தின் வலிமை ஊரின் பொதுச்சொத்து

ஏரி நீர் ஊருக்குப் பொது. ஆயக்கட்டில் எவருக்கு எவ்வளவு நிலம் இருப்பினும், மடை திறப்பதை அவரவர் விருப்பத்திற்கு ஊர் விட்டுவிடுவதில்லை. நீர்க்கட்டி முறை வைத்துப் பாய்ச்சுகிறார். கரை உடைந்தால் ஊர் கூடி அடைக்கிறது. தம் வயல் மட்டும் நனைந்தால் போதும் என்று ஒருவர் இரவில் மடையைத் திறந்துவிட்டால், முதலில் கடைமடைக்காரரின் பயிர் கருகும். ஏரி வற்றியபின் திறந்தவரின் பயிரும் கருகும். இஃது உழவர் யாவரும் அறிந்ததே.

ஏரியைப் போன்றே ஊருக்குப் பொதுவான மற்றொரு சொத்தும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது; எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாதது. நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகளின் வலிமையே அச்சொத்து. மருத்துவர்கள் ‘ஆன்டிபயாடிக்’ என்று கூறும் இம்மருந்துகளைத் தமிழில் நுண்ணுயிர்க்கொல்லி எனலாம். காசு கொடுத்து வாங்கும் மாத்திரை வாங்கியவருக்கே உரியது. ஆனால் அம்மாத்திரை கிருமியைக் கொல்லும் ஆற்றல் எல்லோருக்கும் உரியது. ஒருவர் அதனை முறைகேடாகச் செலவழித்தால், அந்த இழப்பு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வந்து சேரும். இது மருத்துவமனையின் கவலை மட்டும் அன்று. மாட்டுத் தொழுவத்திற்கும் கோழிப் பண்ணைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் உரிய கவலை. ஆகவேதான் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

மருந்து வந்த வழி

1928-ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற அறிஞர், ஒருவகைப் பூஞ்சணம் தன்னைச் சுற்றியிருந்த கிருமிகளை அழிப்பதைக் கண்டார். அதிலிருந்து பெனிசிலின் பிறந்தது. இரண்டாம் உலகப்போரின் காலத்தில் அது பெருமளவில் உற்பத்தியாகிப் பல்லாயிரம் வீரர்களின் உயிரைக் காத்தது. அதற்கு முன் ஒரு முள் குத்திய புண் சீழ்பிடித்து உயிரைக் குடிப்பதும், பிரசவத்திற்குப்பின் காய்ச்சல் கண்டு தாய் மடிவதும் எங்கும் நிகழ்ந்தவை. இன்று அறுவை சிகிச்சை செய்துகொள்பவரும், குறை மாதத்தில் பிறந்த சிசுவும், புற்றுநோய்க்கு மருந்து உண்பவரும் பிழைப்பதற்கு இந்த நுண்ணுயிர்க்கொல்லிகளே பின்னிருந்து காவல் செய்கின்றன.

1945-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோதே பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மருந்தைக் குறைந்த அளவில் உண்பவர் கிருமியைக் கொல்லாமல், அம்மருந்தை எதிர்த்து நிற்க அதனைப் பழக்கிவிடக்கூடும் என்பது அதன் கருத்து. அந்த எச்சரிக்கையை உலகம் போதிய அளவு மதிக்கவில்லை. 2021-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக் கிருமிகளே நேர்க்காரணமாக உலகில் ஏறத்தாழ 11 இலட்சத்து 40 ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அத்தகைய கிருமிகளுக்குப் பங்கிருந்த மரணங்கள் யாவற்றையும் சேர்த்தால் தொகை 47 இலட்சம் ஆகிறது.

கிருமி தப்பும் விதம்

பருத்தி பயிரிடுவோருக்கு இதனை விளக்குவது எளிது. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், சில ஆண்டுகளில் காய்ப்புழு அதற்குச் சாவதில்லை. முதல் தெளிப்பில் இலட்சம் புழுக்கள் மடியும்போது, இயல்பாகவே மருந்தைத் தாங்கும் திறன் கொண்ட ஒன்றிரண்டு தப்பிவிடுகின்றன. அவை இட்ட முட்டைகளிலிருந்து வரும் கூட்டம் முழுதும் அத்திறனுடன் பிறக்கிறது. கிருமிகளிடமும் இதுவே நடக்கிறது. ஆனால் மிக விரைவாக நடக்கிறது. தக்க சூடும் உணவும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். காலையில் ஒன்றாய் இருந்தது மாலைக்குள் கோடிக்கணக்கில் ஆகிவிடும்.

புழுவிடம் இல்லாத மற்றொரு வல்லமையும் கிருமியிடம் உண்டு. மருந்தை வெல்லும் திறன் அதன் உடலில் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிருமி அந்த வளையத்தைப் படியெடுத்து, அருகிலுள்ள வேறொரு கிருமிக்குக் கொடுத்துவிடும். பெற்றுக்கொள்ளும் கிருமி வேறு இனத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஒரு வளையத்திலேயே நான்கைந்து மருந்துகளை வெல்லும் திறன்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே, கோழியின் குடலில் தோன்றிய திறன் மனிதரின் குடலிலுள்ள கிருமிக்கு வந்து சேர்வது வியப்பன்று.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மருந்துக்குப் பழகுவது நோயாளியின் உடல் அன்று, கிருமியே பழகுகிறது. ‘நான் இதுவரை மாத்திரையே உண்டதில்லை, எனக்கு மருந்து வேலை செய்யும்’ என்று எவரும் நிம்மதி கொள்ள இயலாது. பிறரிடம் பழகிய கிருமி நம்மை வந்து தொற்றலாம்.

ஒரு கோழிப் பண்ணை கற்பித்த பாடம்

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு குடும்பத்தின் சிறு பண்ணையில், ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ அறிஞரும் அவரைச் சார்ந்தோரும் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சுமார் 300 குஞ்சுகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் தீவனத்தில் மட்டும் டெட்ராசைக்ளின் வகை மருந்தைச் சிறிதளவு கலந்தனர். நோய்க்காக அன்று; குஞ்சுகள் விரைவில் எடை கூடுவதற்காக அக்காலத்தில் பண்ணைகளில் அவ்வாறு கலப்பது வழக்கமாயிருந்தது.

இரண்டு வாரத்திற்குள் அப்பிரிவுக் கோழிகளின் குடற்கிருமிகள் ஏறத்தாழ முழுதும் அம்மருந்துக்கு அடங்காதவையாயின. மாதங்கள் சென்றபின், கொடுக்கப்படாத வேறு மருந்துகளையும் அவை எதிர்த்து நின்றன. மருந்து உண்ணாத மறு பிரிவுக் கோழிகளிடமும் அத்தகைய கிருமிகள் தோன்றின. ஐந்தாறு மாதங்களில் பண்ணையில் வாழ்ந்த மனிதரிடமும் அவை பெருகின. அக்குடும்பத்தாரிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில், நூற்றுக்கு 31-இல் கிருமிகளின் பெரும்பகுதி டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவையாய் இருந்தன. அயல் வீட்டாரிடம் இவ்விகிதம் நூற்றுக்கு 7 மட்டுமே. குடும்பத்தார் அம்மருந்தை உண்ணவில்லை. கோழிகளைப் பேணியதே அவர்கள் செய்தது.

தீவனத்தில் மருந்து கலப்பதை நிறுத்திய ஆறு மாதங்களுக்குப்பின் அப்பண்ணைக் குடும்பத்தில் பெரும்பாலோரிடம் இந்நிலை மாறியிருந்தது. கெட்டது பரவியது போலவே, தடுத்தபோது அது பின்வாங்கியும் சென்றது. இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்தே நாம் கற்றல் வேண்டும்.

கோலிஸ்டின்: கடைசிக் கையிருப்பு

கோலிஸ்டின் என்பது பழைய மருந்து. சிறுநீரகத்திற்குக் கேடு செய்கிறது என்பதால் மருத்துவர்கள் அதனை மனிதருக்குக் கொடுப்பதை 1970-களில் பெரிதும் கைவிட்டனர். பிற்காலத்தில் மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, வேறு வழியின்றி அதனையே மீண்டும் நாடினர். தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடுவோருக்குக் கொடுக்கும் கடைசிக் கையிருப்புகளுள் ஒன்றாக அது ஆயிற்று. விதைநெல்லைப் போன்று பொத்திவைக்க வேண்டிய அம்மருந்து, அதே காலத்தில் பல நாடுகளில் கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் மூட்டை மூட்டையாகக் கலக்கப்பட்டு வந்தது.

2015-ஆம் ஆண்டு நவம்பரில் சீன அறிஞர்கள் ஓர் அதிர்ச்சியான செய்தியை வெளியிட்டனர். கோலிஸ்டினை வெல்லும் திறனை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் மரபுக்கூறு ஒன்றை ஒரு பன்றிப் பண்ணைக் கிருமியில் அவர்கள் கண்டிருந்தனர். பின்னர்த் தேடியதில், இறைச்சிக்கான கால்நடைகளிடம் எடுத்த 804 மாதிரிகளில் 166-இலும், கடைகளில் விற்ற இறைச்சியின் 523 மாதிரிகளில் 78-இலும், மருத்துவமனை நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடமும் அது இருந்தது. பண்ணையில் மிகுதி, கடையில் அதனினும் குறைவு, மனிதரிடம் மிகக் குறைவு என்னும் வரிசையைப் பார்த்தாலே, அது எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை ஊகிக்கலாம்.

சீன அரசு 2017-ஆம் ஆண்டு முதல் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதைத் தடைசெய்தது. பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலிக் கிருமிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காதவை 2015–16-இல் நூற்றுக்கு 34 இருந்தன; 2017–18-இல் அவை 5-ஆகக் குறைந்தன. கோழிகளிடம் 18-லிருந்து 5-ஆகக் குறைந்தன. இந்திய அரசும் 2019-ஆம் ஆண்டு ஜூலையில், உணவுக்கான கால்நடைகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனக் கலவை ஆகியவற்றிற்குக் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. ஆதலால், எந்தத் தீவன மூட்டையிலோ மருந்துப் புட்டியிலோ அப்பெயர் காணப்பட்டால், அதனை வாங்காதிருப்பதோடு கால்நடை மருத்துவரிடமும் தெரிவித்தல் உழவரின் கடமையாகும்.

தூய குடிநீரும் ஒரு மருந்தே

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஹைதராபாத் என்ற நகரம் உள்ளது. அங்கு 2016-ஆம் ஆண்டு நவம்பரில் ஒருவகை டைபாய்டு காய்ச்சல் தோன்றியது. வழக்கமாகக் கொடுக்கப்படும் ஐந்து வகை மருந்துகளுக்கும் அக்கிருமி அடங்கவில்லை. வாய்வழி உண்ணும் மருந்துகளில் அசித்ரோமைசின் என்ற ஒன்றே எஞ்சியது. 2018-ஆம் ஆண்டு முடிவதற்குள் அம்மாகாணத்தில் 5,000-க்கு மேற்பட்டோர் இந்நோயால் தாக்குண்டனர்; அவர்களுள் குழந்தைகள் மிகுதி. கழிவுநீர் கலந்த குடிநீரே இது பரவியதற்குக் காரணம் என்று விசாரணை காட்டியது. அங்குக் குழந்தைகளுக்குப் புதிய டைபாய்டு தடுப்பூசி போடத் தொடங்கினர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கலவாதிருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமியும் வீட்டிற்குள் நுழையாது. நோயே வராத வீட்டில் மருந்துக்கு வேலை இல்லை. மருந்து செலவாகாத ஊரில் அதன் வலிமையும் குறைவதில்லை. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடும் பணியாளர் செய்வது இத்தகைய பெரும்பணியே ஆகும். குளோரினால் தூய்மை செய்யும் நீரில், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் அது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. தொட்டியடியில் மட்டும் அன்றி, கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் அதனைச் சோதித்துப் பார்த்தல் நலம்.

உழவர் செய்யத்தக்கவை

நுண்ணுயிர்க்கொல்லியே வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. தேவையான நோய்க்கு, தேவையான அளவில், தேவையான நாட்கள் கொடுத்தால் அது அமுதம். தவறான இடத்தில் கொடுப்பதையே தவிர்க்கவேண்டும்.

முதலாவதாக, எந்த நோய்க்கு இம்மருந்து பயன்படாது என்பதை அறிதல் வேண்டும். மாட்டின் கோமாரி நோயும் கோழியின் வெள்ளைக்கழிச்சலும் வைரஸ் என்னும் நச்சுயிரியால் வருபவை. நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைக் கொல்லாது. புண்ணில் வேறு கிருமி சேர்ந்தால் அதற்கு மருந்து தேவையா என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். இந்நோய்களுக்கு முன்னரே போடும் தடுப்பூசியே காவல். கால்நடைப் பராமரிப்புத் துறையின் முகாம் நடக்கும் நாளில் மாட்டையும் கோழியையும் கொண்டுசெல்லத் தவறலாகாது. மனிதருக்கு வரும் சாதாரண ஜலதோஷமும் அவ்வாறே. அதற்கு இம்மாத்திரை வீண்.

இரண்டாவதாக, பாதி தீர்ந்த புட்டியைப் பாதுகாத்து வைக்கும் பழக்கத்தை விடுதல் வேண்டும். ஊர்களைப் பார்வையிடச் செல்லும்போது, தொழுவத்துக் கூரையில் செருகிய பழைய ஊசிமருந்துப் புட்டியைக் காண்பது அரிதன்று. சென்ற ஆண்டு ஒரு மாட்டிற்கு எழுதிய மருந்தை, இவ்வாண்டு வேறொரு மாட்டிற்கு அளவறியாமல் போடுவது கிருமிக்குப் பயிற்சி அளிப்பதாகவே முடியும். மருத்துவர் ஐந்து நாள் என்று கூறினால், மூன்றாம் நாளில் மாடு அசைபோடத் தொடங்கிவிட்டது என்று நாமாகவே நிறுத்தலாகாது. மீந்ததைக் கிணற்றிலோ குளத்திலோ எறிதலும் ஆகாது. மருத்துவமனை செல்ல இயலாத அவசரத்தில், 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

மூன்றாவதாக, மருந்து போட்டபின் காத்திருக்கும் காலத்தை மதித்தல் வேண்டும். மருந்தின் எச்சம் பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் சில நாள் இருக்கும். உணவுக்கான கால்நடைகளின் மருந்துகளில் இக்காலம் அச்சிடப்படவேண்டும் என்பது சட்டம். ஒரு மருந்துக்கு அக்காலம் ஆராய்ந்து உறுதி செய்யப்படாதிருப்பின், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாட்களுக்கும், இறைச்சிக்கு 28 நாட்களுக்கும் குறையாமல் காத்திருத்தல் வேண்டும் என்று விதி கூறுகிறது. பாலை ஊற்றாமல் நிறுத்துவது கறவை மாடு ஒன்றே கொண்டவருக்குப் பெரும் இழப்பு என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஒருவரின் பால் சங்கத்துக் கேனில் கலந்தால், நூறு பேரின் பாலும் அதனால் கெடுகிறது. மருந்து கலந்த பாலில் உறைமோர் வேலை செய்யாமல், தயிர் உறையாது போவதும் உண்டு.

அந்த இழப்பைத் தவிர்க்கும் நல்வழி நோயைத் தவிர்ப்பதே. கறக்கும் முன்னும் பின்னும் மடியைக் கழுவித் துடைப்பதும், கறவை முடிந்தவுடன் மாடு படுக்காமல் தீவனம் வைத்து நிற்கச் செய்வதும், தொழுவத்தை உலர்வாக வைப்பதும் மடிநோயைப் பெருமளவு தடுக்கும். மடிநோயின் தொடக்கத்தில், சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர் கலந்து, நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை மடி முழுதும் ஐந்து நாள் பூசும் மரபுவழி முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆராய்ந்து பரப்பியுள்ளது. தேசியப் பால்வள வளர்ச்சி வாரியமும் இதனைப் பல மாநிலங்களில் கொண்டுசென்றுள்ளது. மருத்துவரைக் கலந்துகொண்டு இதனைச் செய்யலாம். மாட்டிற்குக் காய்ச்சல் இருப்பினும், பாலில் இரத்தமோ சீழோ கண்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

தனி ஒருவர் ஏரியைக் காக்க இயலாதது போலவே, தனி ஒருவர் மருந்தின் வலிமையையும் காக்க இயலாது. ஊராட்சி முன்வந்தால் பெருஞ்செலவின்றிப் பல செயல்கள் கைகூடும்.

கிராம சபைக் கூட்டமொன்றில் கால்நடை மருத்துவரையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் ஒரே மேடைக்கு அழைத்து அரைமணி நேரம் பேசச் செய்யலாம். தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றை இதற்கு ஒதுக்குவது கடினமன்று. கோழிப் பண்ணைகளின் எருவை நேரே வயலில் கொட்டாமல், குவித்து மக்கச் செய்து இடுமாறு வலியுறுத்தலாம். நன்கு சூடேறி மக்கும் குவியலில் கிருமிகளில் பெரும்பகுதி மடியும். இறந்த கோழிகளை வாய்க்காலில் எறிவதைத் தடுத்து, சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க இடம் காட்டலாம்.

மருந்துக் கடைகளிலும் ஒரு கண் வேண்டும். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மாத்திரைகளின் அட்டையில் சிவப்புக் கோடு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இக்கோட்டைக் கண்டு அறியலாம். பள்ளி மாணவருக்குக் கற்பித்தால் அவர்கள் வீட்டில் சொல்லுவர். வலிமை மிகுந்த மருந்துகள் சிலவற்றை விற்கும்போது, நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற விதி 2014-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ‘சீட்டு எங்கே?’ என்று கேட்கும் கடைக்காரரை நாம் கோபித்தலாகாது. அவர் நம் மடையைக் காக்கும் நீர்க்கட்டி.

புதிய நுண்ணுயிர்க்கொல்லிகள் அரிதாகவே கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆராய்ச்சிக்கூடம் இன்னொன்றைக் கொடுக்கும் என்று நம்பி, கையிலிருப்பதைச் சிதறடிப்பது அறிவுடைமை ஆகாது. சிறிய பண்ணையில் நடந்த சோதனையும், பெரிய நாட்டின் தடைச்சட்டமும் ஒன்றையே காட்டுகின்றன: தவறான பயன்பாட்டை நிறுத்தினால் நிலைமை சீர்படும். நம் ஊரில் நாளை ஒரு குழந்தை பிறக்கும். ஒரு தாய்க்கு அறுவை சிகிச்சை நடக்கும். அன்று அவர்களுக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யுமா என்பதை, இன்று நம் தொழுவத்திலும் பண்ணையிலும் குடிநீர்த் தொட்டியிலும் நாம் செய்வதே பெரிதும் தீர்மானிக்கும். இதனை உணர்ந்து ஒவ்வோர் ஊராட்சியும் செயலில் இறங்குமாக.